மூலை வீட்டுக் காவல்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நெகிரி செம்பிலான் மாநிலம், லாபு வட்டாரத்தில், ரப்பர்க் காடாகப் பிறந்து, செம்பனைக் காடாக வளர்ந்து, பின்பு வரிசை வீடுகள் நிறைந்த தாமானாகப் பதவி உயர்வு பெற்ற ஒரு நிலத்தின் கடைசி வரிசையில், மாடியில்லாத மூலை வீடு ஒன்றைத் திருவாளர் சூ. மார்கஸ் அவர்கள் பொது ஏலத்தில் வென்றெடுத்தார். விண்ணில் துந்துபிகள் முழங்கவில்லை. பாரோயில் அவர் குடியிருக்கும் வரிசையில் பத்து நிமிடம் கரண்டு போனது, அவ்வளவுதான். அதையும் அவர் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்.

ஏலத்தில் அவரை எதிர்த்து யாருமே விலை கேட்கவில்லை. அது தன் தீர்க்கதரிசனத்துக்குச் சான்று என்று மார்கஸ் நினைத்தார். ஊரில் ஒருவரும் கேட்காத பொருளை ஒருவர் மட்டும் கேட்டால் அதற்கு வேறு பெயர்களும் உண்டு என்பது அவர் மனத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மார்கஸுக்கு ஐம்பத்தாறு வயது. நீலாயில் ஒரு லாரி கம்பெனியில் சூப்பர்வைசர். அது சம்பளத்துக்கு. மற்றபடி அவர் சொத்து முதலீட்டாளர். சிரம்பானில் ஒரு ஹோட்டலில் நடந்த இலவசக் கருத்தரங்குக்குப் போய், இலவச கேக்கைச் சாப்பிட்டு, வெளியே வரும்போது முதலீட்டாளராகி வந்தார். மறுவாரமே பெயர் அட்டை அடித்துவிட்டார். அதற்கு அடுத்த வருடம் போர்டிக்சனில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினார். கடல் தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. பொய் இல்லை. குளியலறை ஜன்னலில் தலையை நுழைத்து வலப்பக்கம் திருப்பினால் தெரியும். அதற்கு வாடகைக்கு ஆள் வரவில்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

லாபு வீட்டுக்கு ஏலத்தன்றே கட்ட வேண்டிய பத்து விழுக்காடு முன்பணம் மார்கஸுடையது அல்ல. அவர் மனைவி பெர்னதெத்துடையது. செனவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் பெர்னதெத். ஐம்பத்தைந்து வயது ஆனதும் அவருடைய இ.பி.எஃப். சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிடலாம் என்று அவருக்கு ஓர் எளிய திட்டம் இருந்தது. எளிய திட்டங்களைக் கண்டால் முதலீட்டாளர்களுக்குப் பொறுப்பதில்லை.

"பணத்தத் தூங்க விடக்கூடாது பெர்னா. அத எழுப்பி வேலைக்கு அனுப்பணும்" என்றார் மார்கஸ்.

"இருபத்தெட்டு வருசமா நான்தான் எழுந்து போறேன். அது கொஞ்சம் தூங்கட்டுமே."

"இந்த வீட்டுக்கு வாடக வந்திச்சுன்னா நீ வேலைய விட்டுட்டு கால் மேல கால் போட்டு உக்காரலாம்."

"போர்டிக்சன் வீட்டுக்கும் இதையேதான் சொன்னீங்க."

"அது சீ வியூ மார்க்கெட்டு. இது வேற செக்மென்ட்."

"எனக்கு கால் வலி ஒரே செக்மென்ட்தாங்க."

ஆனாலும் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வாடக வர்ற மாசம் நான் வேலைய விட்டுடுவேன். வராட்டி, என்கிட்ட பேச வேணாம்."

இனி நிலைமை இதுதான். தொண்ணூறு நாளுக்குள் மீதி தொண்ணூறு விழுக்காட்டையும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முன்பணம் போனது போனதுதான். வீடு மறுபடி ஏலத்துக்குப் போகும். மீதிப் பணத்துக்கு வங்கிக் கடன்தான் வழி. வங்கியோ எழுபது வயதுக்குமேல் ஆயுள் உண்டு என்பதையே ஒத்துக்கொள்வதில்லை. ஐம்பத்தாறிலிருந்து எழுபதுக்குள் அடைக்க வேண்டுமென்றால் தவணை கழுத்தில் ஏறும். மகன் ஜோனத்தனைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்தால் காலம் நீளும், தவணை இறங்கும். கோலாலம்பூரிலிருந்த மகனுக்குப் போன் போட்டார்.

"அப்பா, ரெண்டு வீட்டுக்குத்தான் தொண்ணூறு பெர்சன்ட் லோன் குடுப்பான். மூணாவதுன்னா எழுபதுதான். இதுல கையெழுத்துப் போட்டா என் கணக்குல ஒண்ணு போயிடும். என்னோட மொதல் வீடு லாபு மூலையிலயா இருக்கணும்?"

"இது குடும்பச் சொத்துடா."

"குடும்பத்துல இருக்கிற கடன் போதாதாப்பா?" என்று கேட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான். இளைய தலைமுறைக்குத் தொலைநோக்கு இல்லை என்று மார்கஸ் முடிவு செய்தார். ஏறிய தவணையையே ஏற்றுக்கொண்டு தனியாக விண்ணப்பித்தார்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த பெண் பெயர் புனிதா. மகள் வயது. சம்பளச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தவள், "ஓகே அங்கிள், கொஞ்சம் டைட்டுதான், ஆனா பாஸாகும். இனிமே வேல்யூவர் வந்து வீட்டப் பாப்பாங்க. அவ்ளோதான்" என்றாள்.

"அவுங்க என்னா பாப்பாங்க?"

"ஒண்ணும் பெருசா இல்ல அங்கிள். வீடு வீடா இருந்தா போதும்."

முதல் தடவை மார்கஸ் பார்க்கப் போனபோது வீடு வீடாகத்தான் இருந்தது. வாசலில் இரும்புக் கதவு, ஜன்னல்களுக்குக் கம்பி, உள்ளே எல்லாம் சுமார். இரண்டாம் தடவை போனபோது வாசல் கதவைக் காணோம். மூன்றாம் தடவை ஜன்னல் கம்பிகளும் சமையலறைத் தொட்டியும் போயிருந்தன. சுவருக்குள் ஓடிய செம்புக் கம்பியை, மீனிலிருந்து முள்ளை உருவுவதுபோல் பதமாக உருவியிருந்தார்கள்.

எதிர் வீட்டில் மங்கம்மா என்று ஒரு அம்மா இருந்தார். அந்த மண்ணில் எஸ்டேட் இருந்த காலத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். முற்றத்தில் நாற்காலி போட்டு, உலகத்தை வேடிக்கை பார்ப்பதை முழு நேர வேலையாக வைத்திருந்தார்.

"நேத்து சாயந்தரம்தான் சார் தொட்டியத் தூக்கிட்டுப் போனானுங்க. ரெண்டு பேரு. நல்ல மரியாதையான பையனுங்க. 'சாப்டீங்களா ஆயா'ன்னு கேட்டுட்டுத்தான் போனானுங்க."

"நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

"சாப்ட்டேன்னு சொன்னேன்."

ஏல நிபந்தனையில் 'இருந்தது இருந்தபடியே' என்று ஒரு வாசகம் உண்டு. வீட்டுக்கு என்ன ஆனாலும் விற்பவர் பொறுப்பில்லை என்பது அதன் பொருள். தினம் தினம் கரைந்துகொண்டே வரும் பொருளில் இருந்தது எது, இருந்தபடி எது என்று யாரைக் கேட்பது? மார்கஸுக்கு உட்கார முடியவில்லை. வேலை விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லாபுவுக்குப் போவார். வீட்டைச் சுற்றி வருவார். மிச்சம் இருப்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். திரும்பி வரும் வழியில், இந்நேரம் எதை எடுத்திருப்பார்களோ என்று பாதியில் மோட்டாரைத் திருப்புவார். சாப்பிடும்போது அவர் முழங்கால் ஆடி, மேசையில் இருந்த ரசம் தளும்பியது.

"மெதுவா ஆட்டுங்க. மேசையாவது இருக்கட்டும்" என்றார் பெர்னதெத்.

காவலுக்கு ஆள் வைத்தால் தவணையைவிட அவன் சம்பளம் அதிகம். கேமரா வைத்தால் முதலில் கேமரா போகும். மதிப்பீட்டாளர் வரும்போது கூரையாவது இருக்க வேண்டுமே என்ற கவலையில்தான், செலவில்லாத பாதுகாப்புத் திட்டம் ஒன்று மார்கஸின் முதலீட்டு மூளையில் உதித்தது.

சிரம்பானில் பூசைச் சாமான் கடைக்குப் போய், இடுப்பு உயரத்துக்கு ஒரு சூலம் வாங்கினார். லாபு ஆற்றங்கரையில் ஒரு கருங்கல் பொறுக்கினார். சனிக்கிழமை மத்தியானம், வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், மூலை வீட்டு வேலியோரம் வேப்பமரத்தடியில் சூலத்தை நட்டு, கல்லுக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் குத்தி, பக்கத்தில் ஒரு சுருட்டையும் வைத்தார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. முனியாண்டி சாமி இருக்கும் இடத்தில் ஒரு ஆணியைக்கூட எவனும் தொட மாட்டான்.

மார்கஸ் கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பத்துக் கட்டளைகளில், வேறு தெய்வம் வேண்டாம் என்ற முதலாவதைத் தாம் மீறிவிட்டதாக அவர் நினைக்கவில்லை. அதை இடிக்காமல், ஓரமாக மோட்டாரை ஓட்டிப் போனதாகவே நினைத்தார்.

கம்பெனியில் லாரி ஓட்டும் ரவிச்சந்திரனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். ரவி குண்டடி பட்டவன் மாதிரி கோப்பிக் கோப்பையை அப்படியே வைத்தான்.

"வெளையாட்டு சாமான் இல்ல மார்கஸண்ணே அது. வெச்சா பாத்துக்கணும்."

"நான் எதுக்கு பாக்கணும்? வீட்டப் பாத்துக்கத்தான அத வெச்சிருக்கேன்."

"நீங்க நடுறது ஈஸி லா. எடுக்கறப்ப யாரு எடுப்பா?"

"ஒரு ஸ்க்ரூவக் கழட்டற மாதிரி எடுத்துட்டுப் போறேன். இதெல்லாம் சைக்காலஜி ரவி. உனக்குப் புரியாது."

அடுத்த தடவை போனபோது மார்கஸ் மோட்டாரிலிருந்து இறங்கவே மறந்துபோனார். வாசல் கதவு திரும்பி வந்திருந்தது! சுவரில் சாய்த்து வைத்து, அதன் காலடியில் வெற்றிலை பாக்கு, கற்பூரம், பிரிக்காத ஒரு சிகரெட் பெட்டி. இரண்டு நாளில் ஜன்னல் கம்பிகள் வந்தன. பிறகு சமையலறைத் தொட்டி வந்தது. தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். செம்புக் கம்பி மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கல்லுக்கு அடியில் ஒரு பத்து வெள்ளி நோட்டு இருந்தது.

அந்த வாரம் மார்கஸின் கால் தரையில் படவில்லை. "போலீசு செய்யாதத ஒரு எலுமிச்சம்பழம் செஞ்சிருச்சு" என்று கோப்பிக் கடையில் முழங்கினார். இதை ஒரு முறையாக வகுத்து, அடுத்த கருத்தரங்கில் மேடையேறிச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார். மேடையில் என்ன நிறக் கோட்டுப் போடுவது என்பதில்தான் குழப்பம்.

ஆனால் கோட்டுத் தைக்கும் முன்பே காரியங்கள் கைமீறத் தொடங்கின.

முதலில் மங்கம்மா வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றினார். அப்புறம் பக்கத்து வரிசையில் பம்ப்பு ரிப்பேர் செய்யும் ஆ சோங் வந்தார். கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மூலை வீட்டுக் கதவு எண்ணை எழுதிக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரி எடுத்தார். விழுந்துவிட்டது. பெரிய பரிசு இல்லை. ஆனால் ஆ சோங் நன்றி மறக்கிறவர் இல்லை. ஒரே வாரத்தில் சூலத்தைச் சுற்றி சிமெண்டு மேடை எழும்பியது. மேலே தகரக் கூரை. கூரையில் மின்மினிபோல ஒரு சின்ன விளக்கு மினுக்மினுக்கென்றது. அதற்கு மின்சாரம் மங்கம்மா வீட்டிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்தது.

கூட்டம் வந்தது. சிரம்பானிலிருந்து காடிகள் வந்து ரோட்டோரம் வரிசையாக நின்றன. கூட்டம் வந்தால் கமிட்டி வராமல் இருக்குமா? பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற திருநாவுக்கரசு என்பவருக்கு நீண்ட நாளாகத் தலைவராகத் தோதாக ஒரு சங்கம் அகப்படாமல் இருந்தது. அகப்பட்டுவிட்டது. தலைவர், துணைத் தலைவர், இரண்டு செயலாளர்கள், ஒரு பொருளாளர், அந்தப் பொருளாளரைக் கண்காணிக்க மூன்று பேர். மைக்கும் வாங்கிவிட்டார்கள்.

மார்கஸ் ஒரு மாலை கோபத்தோடு போய் நின்றார். திருநாவுக்கரசு கைகூப்பி வரவேற்றார்.

"வாங்க சார். நீங்கதான் இந்த வீட்ட வாங்கப் போறவரா? பாக்கியசாலி. எல்லாருக்கும் அமையுமா இப்படி ஒரு காவல்?"

"மிஸ்டர் திருநாவுக்கரசு, இது தனியார் நிலம். இந்தக் கொட்டகையெல்லாம்..."

"நிலம் யாருது சார்? நாம வருவோம் போவோம். சாமி எஸ்டேட்டு காலத்துலேருந்து இங்கதான் இருக்கு. மங்கம்மாவ கேளுங்க."

"ஆமா சார். வெள்ளக்கார தொர காலத்துலேருந்து இருக்கு" என்றார் மங்கம்மா. அவர் கண்ணில் பொய்யே இல்லை. அந்தக் கல்லை ஆற்றங்கரையிலிருந்து மோட்டார் கூடையில் வைத்துக் கொண்டுவந்த மனிதர் அவர் எதிரிலேயே வாயைத் திறந்தபடி நின்றார். 'அம்மா, அது போன மாசத்துக் கல்லு' என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஏன் நட்டாய் என்று கேட்பார்கள். உங்களையெல்லாம் பயமுறுத்தத்தான் என்று நூறு பேர் நடுவில் எப்படிச் சொல்வது? மார்கஸ் வாயை மூடினார். திருநாவுக்கரசு நன்கொடைச் சீட்டை நீட்டினார். மார்கஸ் பத்து வெள்ளி கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் புனிதா கூப்பிட்டாள். "அங்கிள், வேல்யூவர் வெள்ளிக்கிழம பத்து மணிக்கு வராங்க. சாவி ரெடியா வெச்சிருங்க."

மார்கஸ் போனைக் கையில் வைத்தபடி நடந்தார். ஹாலுக்கும் சமையலறைக்கும், சமையலறைக்கும் ஹாலுக்கும். கடைசியில் ரவிக்குப் போன் செய்தார்.

"ரவி, ஒரு சின்ன வேல. ஒரு கடப்பாற, ஒரு அர மணி நேரம்."

"ஸ்க்ரூவக் கழட்டற வேலயாண்ணே?"

"கிண்டல் பண்ணாத. என்னா வேணுமோ தரேன்."

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. ஹைவேயில லாரி ஓட்டறவன் நான். வேற ஆளப் பாருங்க."

வேற ஆளைப் பார்த்தார். இந்தோனேசியத் தொழிலாளி ஒருவன் இடத்தைப் பார்த்துவிட்டுக் கூலியே வேண்டாம் என்று போய்விட்டான். ஆ சோங்கிடம் கேட்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. பெர்னதெத்திடம் வந்தார்.

"பெர்னா, நீ ஒரு செபம் சொல்லிட்டு..."

"நட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப பிடுங்கறதும் நீங்கதான். என் காசு அங்க மாட்டிக்கிட்டு இருக்கு. போங்க."

வெள்ளிக்கிழமை காலை, மதிப்பீட்டாளர் வருவதற்கு வெகுமுன்பே மார்கஸ் கடப்பாறையோடு லாபுவில் இருந்தார். மேடையில் யாரும் இல்லை. முந்தின நாள் சுருட்டுகள் பாதி எரிந்து கிடந்தன. யாரோ கறுப்பு பீர் வைத்திருந்தார்கள். மார்கஸ் மேடைமேல் ஏறினார். இது இரும்பு, கடையில் பேரம் பேசி வாங்கிய இரும்பு, இந்தப் பக்கத்தில் இன்னும் விலைச் சீட்டின் பிசின்கூடப் போகவில்லை. கையை நீட்டினார்.

அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் கத்தோலிக்கர்தான். எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோர், யாருக்கும் வணங்காத ஆள். துரை பங்களாவைத் தாண்டும்போதுகூட சைக்கிளை விட்டு இறங்காதவர், காட்டோரத்து முனியாண்டியிடம் வரும்போது மட்டும் இறங்கி, தள்ளிக்கொண்டு போய், தாண்டியபின் ஏறுவார். ஏனப்பா என்று கேட்டால், "செயின் கழண்ட மாதிரி இருந்திச்சு" என்பார். தினமும் அதே இடத்தில் செயின் கழன்றது.

மார்கஸின் கை சூலத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மேலே போகவில்லை. நம்பிக்கை இருந்தால்தான் பயம் வரும் என்று எந்த மதமும் சொல்லவில்லையே. பின்னால் ஒரு நாய் தும்மியது. முதலீட்டாளர் மேடையிலிருந்து ஒரே தாவில் கீழே இறங்கினார். கடப்பாறை அவர் கால்மேல் விழுந்தது.

மோட்டார் பெட்டியிலிருந்து நீலக் கான்வாஸை எடுத்து, கூரையோடு சேர்த்து மொத்த மேடையையும் மூடி, கயிறு கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டுமானச் சாமான் மாதிரி இருந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொள்ள அவர் தயாரானபோது ஒரு வெள்ளைக் காடி வந்து நின்றது.

இறங்கியவர் பெயர் திலகா. முப்பது வயதுக்குள். கையில் பலகையும் அளவு நாடாவும். இது நம்ம பிள்ளை, பேசிக்கொள்ளலாம் என்று மார்கஸுக்கு உயிர் வந்தது.

"வாம்மா, வாம்மா. நல்ல காத்தோட்டமான வீடு. மூல லாட்டு. பின்னாடி செம்பனக் காடு, எப்பவும் ஜில்லுன்னு..."

அதற்குள் மங்கம்மா ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். "ஐயையோ! எவன்டா சாமிக்குத் துணி போட்டு மூடுனது? மூச்சு முட்டுமே!" ஒரே இழுப்பு. கான்வாஸ் விழுந்தது. கற்பூர வாசனை எழுந்தது.

திலகா மேடையைப் பார்த்தார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தார்.

வெறுங்காலோடு உள்ளே வரும் அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, கடன் கிடைக்காது என்பது மார்கஸுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் போகிறவர்கள் வாசற்படியில் கழற்றுவார்கள். வேலிக்கு வெளியே கழற்றுகிறவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை.

"எத்தன வருசமா இருக்கும்மா இந்தக் கோயிலு?" என்று திலகா கேட்டார்.

"நூறு வருசம் இருக்கும்மா" என்றார் மங்கம்மா. திலகா எழுதிக்கொண்டார். போகும்போது திருநீறு பூசிக்கொண்டார்.

புனிதாவின் குரல் போனில் உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "அங்கிள், ரிப்போர்ட்ல வழிபாட்டு இடம்னு போட்டிருக்கு. நிலம் குடியிருப்பு நிலம். கோயிலுக்கு பேங்க் வீட்டுக் கடன் குடுக்காது."

"அது கோயில் இல்லம்மா. நான்தான் வெச்சேன். திருடனுக்காக வெச்சேன்."

"அங்கிள், இத நான் மேல எழுதி அனுப்பவா வேணாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்றார் மார்கஸ்.

வேறு வங்கிக்கு ஓடினார். வட்டி கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை. வங்கிதான் வேறு, அவர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் அதே திலகா. இந்தத் தடவை தேங்காயோடு வந்தார்.

கெடு நெருங்க நெருங்க மார்கஸ் இரண்டு சுற்று இளைத்தார். போர்டிக்சன் வீட்டை விற்கலாமென்று விளம்பரம் போட்டார். ஒரே ஒருவர் வந்து, கடல் எங்கே என்று கேட்டு, காட்டியதும் போய்விட்டார். கெடுவை நீட்டிக்கச் சொல்லி எழுதினார். நீட்டிக்கலாம், அதற்கு வட்டி தனி என்று பதில் வந்தது. கம்பெனியில் ஒருவன், நீலாயில் தனக்கொரு சீன முதலாளியைத் தெரியும், காரண்டி கேட்காமல் கொடுப்பான், ஆனால் வாரவட்டி என்றான். அந்த யோசனையோடு மார்கஸ் வீட்டுக்கு வந்த சாயங்காலம், பெர்னதெத் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"பெர்னா, உன்னோட மிச்ச இ.பி.எஃப்.பையும் போட்டு, வெளிய கொஞ்சம் பொரட்டினா..."

பெர்னதெத் தைலப் புட்டியை மூடினார். நிதானமாக மூடினார்.

"ஏங்க, மொதல்ல திருடன் எடுத்தான். அவன்கூட பயந்து திருப்பிக் குடுத்துட்டான். நீங்க எப்பங்க பயப்படுவீங்க?"

மார்கஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போன காசு போகட்டும். மிச்சத்தத் தொட்டீங்கன்னா, அந்தச் சூலத்த நானே போய் பிடுங்கிட்டு வருவேன். லாபுவுல நட மாட்டேன்."

கெடு வந்தது. போனது. முன்பணமும் அதோடு போனது.

சில வாரங்கள் கழித்து அந்த மூலை வீடு மறுபடி ஏலத்துக்கு வந்தது. முதல் தடவை போகாத வீடு என்பதால் விலையைக் குறைத்திருந்தார்கள். இந்தத் தடவையும் ஒரே ஒருவர்தான் கேட்டார்: கமிட்டித் தலைவர் திருநாவுக்கரசு. நாலு நம்பர் விழுந்தவர்கள் நன்றிக்கடன் செலுத்தியதில் கமிட்டிக்கு வங்கியின் தயவே தேவைப்படவில்லை. முழுப் பணமும் ரொக்கம். சொத்து முதலீட்டில் இதைவிடச் சுத்தமான கொள்முதலை மார்கஸ் எந்தக் கருத்தரங்கிலும் கேள்விப்பட்டதில்லை.

ஆடி மாதப் பூசைக்கு அவருக்கும் அழைப்பு வந்தது. போகக்கூடாது என்று நினைத்தார், கால் கேட்கவில்லை. சுவருக்கெல்லாம் புது மஞ்சள் அடித்திருந்தார்கள். சமையலறைத் தொட்டியில் அண்டா அளவுக்குக் கறி ஊறிக்கொண்டிருந்தது. திருநாவுக்கரசு மைக்கைத் தட்டி, ஊதி, மறுபடி தட்டி, "இந்த இல்லத்தின் உரிமையாளராக ஏறக்குறைய ஆகியிருந்த திருவாளர் மார்கஸ் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று அறிவித்து ஒரு பொன்னாடையும் போர்த்தினார்.

மைக் கைக்கு வந்தது. மார்கஸுக்கு அடக்க முடியவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தச் சூலத்த நட்டது நான். சிரம்பான்ல வாங்கிட்டு வந்து, என் கையால நட்டேன். இந்தக் கல்லு ஆத்துல எடுத்த கல்லு. இது நூறு வருசமும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

முன்வரிசையில் மங்கம்மா சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

"பாவம் சார், வீடு போன வருத்தம். சார் பொறக்கறதுக்கு முன்னாலயே நான் இந்த சாமிக்கு வெளக்கு போட்டிருக்கேன்."

ஆ சோங் ஆறுதலாக அவர் தோளில் தட்டி, "பாஸ், உங்க மோட்டார் நம்பர் என்னா?" என்று கேட்டார். பெரிதாகக் கைதட்டல் எழுந்தது. வரும்போது கமிட்டி இரண்டு பொட்டலம் சோறு கட்டிக் கொடுத்தது.

வாசலைத் தாண்டியதும் மார்கஸ் மோட்டாரில் ஏறவில்லை. வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், பிறகுதான் ஏறினார்.

பெர்னதெத் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வேலைக்குப் போனார்.